விழுமியத் தெளிவாக்கம்

விழுமியத் தெளிவாக்கம் என்பது ஒருவர் தம் வாழ்வில் எவற்றை உண்மையாகவே பெரிதாக மதிக்கிறார் என்பதைத் தாமே ஆராய்ந்து கண்டறிவதற்கும், அவ்வாறு கண்டறிந்தவற்றைத் தம் முடிவுகளோடும் செயல்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உதவும் முறைகளின் தொகுப்பு ஆகும். 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கல்வி முறையாகத் தொடங்கிய இது, 1970களில் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாகக் கையாளப்பட்டது. பின்னர் கடுமையான விமர்சனங்களுக்கு உள்ளாகி 1980களில் செல்வாக்கு இழந்தது. எனினும் இதன் அடிப்படைக் கருத்து உளவளத்துணை, தொழில் வழிகாட்டல், மருத்துவ முடிவெடுத்தல் ஆகிய துறைகளில் வேறு வடிவங்களில் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, எந்த வேலையை ஏற்பது, எந்த ஊரில் வாழ்வது போன்ற கேள்விகளுக்கு விவரங்களை மட்டும் கொண்டு விடை காண இயலாது. சம்பளம், தொலைவு, செலவு ஆகியவற்றை அளந்துவிடலாம். ஆனால் அவற்றுள் எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை அளவுகோல் எதுவும் சொல்வதில்லை. அந்த எடையைத் தீர்மானிப்பவையே விழுமியங்கள்.

சொல்லும் பொருளும்

"விழு" என்பது சிறப்பு, மேன்மை என்னும் பொருள் தரும் பழந்தமிழ்ச் சொல். விழுப்பம், விழுமிய முதலிய சொற்கள் இதனோடு தொடர்புடையவை. தொல்காப்பியத்தின் உரியியல் "விழுமம்" என்னும் சொல்லுக்குச் சிறப்பு என்பதோடு துன்பம் என்ற பொருளையும் கூறுகிறது. ஒன்றைப் பெரிதாக மதிப்பவர் அதற்காக வேறொன்றை இழக்க நேர்வதை எண்ணினால், இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது பொருத்தமாகவே தோன்றும். விழுமியம் என்பதற்கு ஈடாக "மதிப்பு" என்ற சொல்லும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்குகிறது. ஆயினும் நிலத்தின் மதிப்பு, மாறியின் மதிப்பு போன்ற வழக்குகளோடு குழம்பாமல் இருப்பதால் விழுமியம் என்பதே தெளிவான சொல் எனலாம்.

விழுமியத்தை விருப்பம், இலக்கு, விதி ஆகியவற்றிலிருந்து வேறுபடுத்திக் காண்பது தேவையானது. காப்பியைவிடத் தேநீரை விரும்புவது வெறும் விருப்பம். அதை யாரிடமும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. பட்டம் பெறுவது ஓர் இலக்கு. பெற்றவுடன் அது முடிந்துவிடுகிறது. கற்றலை மதிப்பது விழுமியம். எத்தனை பட்டங்கள் பெற்றாலும் அது முடிவதில்லை. சாலையின் இடப்பக்கம் செல்வது விதி. அதை மதியாதவரும் அபராதத்துக்கு அஞ்சிப் பின்பற்றக்கூடும். அஞ்சிப் பின்பற்றப்படும் ஒன்றை அவருடைய விழுமியம் என்று கூற முடியாது.

தோற்றம்

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1939 இல் வெளியிட்ட "மதிப்பிடல் கோட்பாடு" என்னும் நூலில், ஒன்றைப் போற்றுவதும் அதை ஆராய்ந்து மதிப்பிடுவதும் வெவ்வேறான செயல்கள் என்று காட்டினார். ஒன்றின் மீது பற்று இருப்பதனாலேயே அது மதிக்கத்தக்கதாகிவிடாது. அதனை அடையும் வழிகளையும் அதன் விளைவுகளையும் ஆராய்ந்த பின்னரும் பற்று நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தைப் பள்ளி வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த லூயிஸ் ராத்ஸ். அவரும் மெரில் ஹார்மின், சிட்னி சைமன் ஆகியோரும் இணைந்து எழுதிய "விழுமியங்களும் கற்பித்தலும்" என்னும் நூல் 1966 இல் வெளிவந்தது. வீடு ஒன்றைச் சொல்கிறது, தேவாலயம் வேறொன்றைச் சொல்கிறது, தொலைக்காட்சி மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. இவற்றுக்கிடையே வளரும் பிள்ளைக்குத் தெளிவு எங்கிருந்து கிடைக்கும் என்பதே அவர்களின் கேள்வி. எதிலும் அக்கறையின்மை, முன்னுக்குப்பின் முரணான நடத்தை, காற்றடிக்கும் திசையில் செல்லுதல், எல்லாவற்றுக்கும் இணங்கிப்போதல், எல்லாவற்றையும் எதிர்த்தல் முதலியவை அறிவுக் குறைவாலோ மனநோயாலோ மட்டும் வருவன அல்ல, விழுமியத் தெளிவின்மையாலும் வரக்கூடும் என்று அவர்கள் வாதிட்டனர். அறிவுரை கூறுதல், முன்மாதிரி காட்டுதல், தண்டித்தல் போன்ற பழைய வழிகள் விழுமியங்களைப் பிள்ளைகளின் மேல் ஒட்டுகின்றனவே அன்றி உள்ளே வேர்விடச் செய்வதில்லை என்றும் கூறினர்.

ஏழு அளவுகோல்கள்

ஒன்று ஒருவருடைய விழுமியம் என்று சொல்லப்பட வேண்டுமானால் அது ஏழு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும் என்பது ராத்சின் கோட்பாடு. அவை தேர்தல், போற்றல், செயற்படல் என்னும் மூன்று பிரிவுகளில் அடங்கும். அதனை அவர் வற்புறுத்தலின்றித் தேர்ந்திருக்க வேண்டும். மாற்று வழிகள் இருக்கையில் தேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்று வழியின் விளைவையும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்திருக்க வேண்டும். தேர்ந்ததைக் குறித்து அவர் மகிழ வேண்டும். பிறர் முன்னிலையில் அதனை ஒப்புக்கொள்ள அணியமாக இருக்க வேண்டும். இறுதியாக, அதற்கேற்பச் செயற்பட வேண்டும். அச்செயல் ஒருமுறையோடு நில்லாது வாழ்வில் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும்.

இவ்வளவுகோல்கள் மிகக் கடுமையானவை. பெரும்பாலோர் தம் விழுமியங்கள் என்று சொல்லிக்கொள்பவற்றுள் பல ஏழையும் கடப்பதில்லை. ஒன்றிரண்டில் தவறுபவற்றை ராத்ஸ் "விழுமியச் சுட்டிகள்" என்று அழைத்தார். ஆசைகள், மனப்பாங்குகள், ஆர்வங்கள், கவலைகள் ஆகியவை இவ்வகையின. நேரம் கிடைத்தால் ஓவியம் கற்பேன் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லி வருபவரிடம் இருப்பது சுட்டி, விழுமியம் அல்ல. ஆனால் சுட்டி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

முதல் நிபந்தனை நம் சூழலில் சிக்கலானது. மருத்துவராக வேண்டும் என்று ஐந்து வயது முதல் கேட்டு வளர்ந்த ஒருவர், பதினேழாவது வயதில் மருத்துவப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அது தன்விருப்பத் தேர்வா என்பதை அவராலேயே சொல்வது கடினம். பெற்றோர் ஊட்டியது என்பதனாலேயே ஒரு விழுமியம் போலியாகிவிடாது. மாற்று வழிகளையும் விளைவுகளையும் எண்ணிப் பார்த்த பின்னும் அவர் அதிலேயே நின்றால் அது அவருடையதாகிறது. இரண்டாம், மூன்றாம் நிபந்தனைகளின் முதன்மை இங்கேதான் விளங்குகிறது.

பயிற்சிகள்

சைமன், லீலண்ட் ஹவ், ஹோவர்ட் கிர்ஷன்பாம் ஆகியோர் 1972 இல் வெளியிட்ட கையேடு இம்முறையைப் பரவச் செய்தது. அதில் எழுபதுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் உள்ளன. அவற்றுள் "செய்ய விரும்பும் இருபது செயல்கள்" என்பது மிகவும் அறியப்பட்டது. மாணவர் தாம் விரும்பிச் செய்யும் இருபது செயல்களை வரிசைப்படுத்தாமல் எழுத வேண்டும். எழுதி முடித்த பின் ஒவ்வொன்றின் எதிரிலும் சில குறிகளை இட வேண்டும்: பணம் செலவாகுமா, தனியே செய்வதா பிறருடன் செய்வதா, முன்கூட்டித் திட்டமிட வேண்டுமா, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தால் இது பட்டியலில் இருந்திருக்குமா, தாயோ தந்தையோ எழுதும் பட்டியலில் இது இடம்பெறுமா, கடைசியாக இதைச் செய்த நாள் எது?

கடைசிக் குறியே பெரும்பாலும் சங்கடத்தைத் தருவது. மிகவும் விருப்பமானது என்று முதலில் எழுதப்பட்ட செயல், எப்போது செய்தோம் என்பதே நினைவில் இல்லாததாக இருக்கக்கூடும். இதற்கு விளக்கம் இரண்டு. அந்தச் செயல் உண்மையில் அவ்வளவு விருப்பமானதாக இல்லாமல் இருக்கலாம். அல்லது வாழ்வின் அமைப்பு அதற்கு இடம் தராமல் இருக்கலாம். எது சரி என்பதைத் தாள் சொல்லாது. கேள்வியை எழுப்புவதோடு அதன் வேலை முடிகிறது.

ஆசிரியரின் பங்கு இதில் புதுமையானது. மாணவர் ஒன்றைச் சொன்னால் அதனைப் பாராட்டவோ கண்டிக்கவோ கூடாது. "வேறு எதையேனும் எண்ணிப் பார்த்தாயா?", "இதற்காக எதையாவது செய்திருக்கிறாயா?" என்பன போன்ற சிறு வினாக்களை எழுப்பிவிட்டு, விடைக்காக நெருக்காமல் நகர்ந்துவிட வேண்டும். அணுகுண்டுப் போரின்போது ஆறு பேருக்கு மட்டுமே இடமுள்ள காப்பறையில் பத்துப் பேரில் எவரைச் சேர்ப்பது என்று குழுவாக முடிவெடுக்கும் பயிற்சியும் அக்கையேட்டில் உண்டு. பிற்காலத்தில் பெற்றோர் பலருடைய எதிர்ப்பைத் தேடிக்கொண்டது இத்தகைய பயிற்சிகளே.

ரொக்கீச்சின் தரவரிசை

வகுப்பறையில் இம்முறை பரவிக்கொண்டிருந்த அதே காலத்தில், போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த உளவியலாளர் மில்ட்டன் ரொக்கீச் (1918–1988) விழுமியங்களை அளக்கும் கருவியொன்றை உருவாக்கினார். அவர் விழுமியங்களை இரு வகையாகப் பிரித்தார். சுதந்திரம், சமத்துவம், குடும்பப் பாதுகாப்பு, உலக அமைதி போன்றவை அடைய விரும்பும் நிலைகள். நேர்மை, கீழ்ப்படிதல், துணிவு, திறமை போன்றவை நடந்துகொள்ள விரும்பும் முறைகள். ஒவ்வொரு வகையிலும் 18 சொற்கள் தரப்படும். அவற்றைத் தமக்கு எவ்வளவு முதன்மையானவை என்ற வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு வடிவத்தில் சொற்கள் ஒட்டுத்தாள்களில் அச்சிடப்பட்டிருந்தன. எண்ணம் மாறினால் பிய்த்து வேறிடத்தில் ஒட்டலாம்.

மதிப்பெண் இடச் சொல்லாமல் வரிசைப்படுத்தச் சொன்னதே இக்கருவியின் நுட்பம். நேர்மை முதன்மையானதா என்று கேட்டால் எவரும் ஆம் என்பர். சமத்துவம், சுதந்திரம் ஆகியவற்றுக்கும் ஆம் என்பர். வரிசை கேட்கும்போது ஒன்றை மேலே வைக்க இன்னொன்றைக் கீழே இறக்கியாக வேண்டும். வாழ்வில் நேரும் தேர்வுகளும் இப்படிப்பட்டவையே ஆதலால், எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் தரும் வினாத்தாள்களைவிட இது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் ஒன்பதாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா என்ற ஐயத்தையும் இம்முறை எழுப்புகிறது.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரொக்கீச் நடத்திய ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. மாணவர்கள் பொதுவாகச் சுதந்திரத்தை உயரத்திலும் சமத்துவத்தை அதற்குக் கீழேயும் வைத்தனர். ஒரு குழுவினரிடம் மட்டும் இந்த முடிவைக் காட்டி, மாணவர்கள் பிறருடைய சுதந்திரத்தைவிடத் தம்முடைய சுதந்திரத்தில்தான் கூடுதல் அக்கறை கொண்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம் என விளக்கினர். குடியுரிமை இயக்கம் பற்றிய அவர்களின் நிலைப்பாட்டையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தனர். சில மாதங்களுக்குப் பின்னர், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் சேருமாறு இரு குழுவினருக்கும் அஞ்சல் அனுப்பப்பட்டது. அது ஆய்வின் ஒரு பகுதி என்பதை மாணவர்கள் அறியார். தம் முரண்பாட்டைக் கண்ட குழுவினரே மிகுதியாக மறுமொழி தந்தனர். ஓராண்டுக்கும் மேலான காலம் கழித்து மீண்டும் அனுப்பியபோதும் வேறுபாடு தென்பட்டது. ஒரே அமர்வில் நிகழ்ந்த ஒப்பீடு இவ்வளவு நீடித்தது வியப்புக்குரியது. அதேவேளை, இளைஞர்களின் விழுமியங்களை அவர்கள் அறியாமல் மாற்ற முயல்வது முறையா என்ற கேள்வியும் எழாமல் இல்லை.

விழுமியங்களின் மோதல்

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992 இல் வெளியிட்ட ஆய்வு, 20 நாடுகளில் திரட்டிய தரவுகளைக் கொண்டு பத்து அடிப்படை விழுமிய வகைகளை முன்வைத்தது. அதிகாரம், சாதனை, இன்பநுகர்வு, புத்தனுபவ நாட்டம், தன்னெறி, அனைத்துயிர் நலம், சுற்றத்தார் நலம், மரபு, இணக்கம், பாதுகாப்பு என அவற்றைத் தமிழில் கூறலாம். 2012 இல் அவரும் பிறரும் இவற்றை 19 ஆக விரித்தனர்.

பத்து என்ற எண்ணிக்கையைவிட அவை அமைந்துள்ள முறையே இக்கோட்பாட்டின் சாரம். அவை ஒரு வட்டத்தில் அடுக்கப்படுகின்றன. அருகருகே உள்ளவை ஒன்றையொன்று தாங்கும். எதிரெதிரே உள்ளவை மோதும். அதிகாரத்தையும் சாதனையையும் ஒருங்கே நாடுவது எளிது. அதிகாரத்தையும் அனைத்துயிர் நலத்தையும் ஒருங்கே நாடுபவர் அடிக்கடி தடுமாறுவார். அதுபோலவே பாதுகாப்பும் மரபும் ஒரு பக்கம் இழுக்க, தன்னெறியும் புத்தனுபவ நாட்டமும் மறுபக்கம் இழுக்கும். சொந்தத் தொழில் தொடங்குவதா அரசுப் பணித் தேர்வு எழுதுவதா என்று திகைத்து நிற்பவர் பலவீனமானவர் என்றோ முடிவெடுக்கத் தெரியாதவர் என்றோ கருத வேண்டியதில்லை. வட்டத்தின் இரு முனைகளையும் அவர் மதிக்கிறார் என்பதே பொருள்.

ஷ்வார்ட்சும் அனத் பார்டியும் 2001 இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, பெரும்பாலான சமூகங்களில் சுற்றத்தார் நலம், தன்னெறி, அனைத்துயிர் நலம் ஆகியவை மேலேயும், அதிகாரம் மிகக் கீழேயும் வைக்கப்படுகின்றன. பண்பாடுகள் எதிரெதிரானவை என்ற பொதுவான எண்ணத்துக்கு இது மாறானது. மாந்தர் எதை மதிப்பதாகச் சொல்கின்றனர் என்பதையே இது காட்டுகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தொழில் தேர்வில்

மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் எட்கர் ஷைன் (1928–2023), 1960களின் தொடக்கத்தில் அங்கு மேலாண்மை பயின்ற 44 பட்டதாரிகளின் விழுமியங்களைப் பதிவு செய்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் சந்தித்து, ஒவ்வொரு வேலை மாற்றத்துக்கும் காரணம் கேட்டார். அவர்கள் பார்த்த வேலைகள் பலவாறாக இருந்தன. ஆனால் ஒவ்வொருவரும் கூறிய காரணங்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. தமக்குப் பொருந்தாத வேலைக்குச் சென்றவர்கள், எதுவோ தம்மைப் பின்னால் இழுப்பதாக உணர்ந்தனர். இதனை ஷைன் "தொழில் நங்கூரம்" என்று அழைத்தார். வேறு வழியே இல்லை என்ற நிலையிலும் ஒருவர் விட்டுக்கொடுக்க மறுப்பது எதுவோ அதுவே நங்கூரம்.

தொழில்நுட்பத் திறன், மேலாண்மைத் திறன், பாதுகாப்பு, தற்சார்பு, படைப்பாக்கம் என்னும் ஐந்தை அவர் முதலில் கண்டார். பிறருக்குத் தொண்டாற்றல், அறைகூவல், வாழ்க்கைமுறை ஆகிய மூன்றும் பின்னர் சேர்க்கப்பட்டன. தொழில்நுட்ப நங்கூரம் உடையவரை அவருடைய திறமைக்குப் பரிசாக மேலாளர் ஆக்குவது நிறுவனங்களில் வழக்கமாக நடப்பது. மென்பொருள் துறையில் இது நாள்தோறும் காணக்கூடியது: நன்றாக நிரல் எழுதுபவர் பதவி உயர்வு பெற்று, நிரல் எழுதாமல் கூட்டங்களில் அமர்ந்திருப்பார். சம்பளம் கூடியும் நிறைவு குறைந்ததற்குக் காரணம் அவருக்கே விளங்காது. வீட்டாருக்கோ இன்னும் விளங்காது.

நங்கூரம் பல ஆண்டுப் பணிப் பட்டறிவுக்குப் பின்னரே தெளிவடைகிறது என்பது ஷைனின் முடிபுகளுள் முதன்மையானது. மாணவப் பருவத்தில் அவர்கள் கூறிய விழுமியங்களைக் கொண்டு பின்னாளைய தேர்வுகளை முன்னறிவது எளிதாக இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த ஒரே வாரத்தில் வாழ்நாள் தொழிலைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்தப்படும் மாணவர்களைப் பற்றி எண்ணுகையில் இது கவலை தருவது.

விழுமியமும் நடத்தையும்

விழுமியத்தை அறிந்தால் நடத்தையை அறிந்துவிடலாம் என்று கருதுவது தவறு. ஜான் டார்லி, டேனியல் பாட்சன் ஆகியோர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்தில் உரை நிகழ்த்தச் செல்லுமாறு அனுப்பப்பட்டனர். சிலருக்கு வழங்கப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய விவிலியக் கதை. வழியில் ஒருவர் இருமியபடி சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்களால் அமர்த்தப்பட்டவர். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களுள் 10 விழுக்காட்டினரே நின்று உதவினர். அவசரமில்லாதவர்களுள் 63 விழுக்காட்டினர் உதவினர். சமாரியன் கதையைப் பற்றிப் பேசச் சென்றார்களா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை.

குருமாராகப் பயில்வோருக்குப் பிறர்நலம் ஒரு விழுமியம் அல்ல என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. விழுமியம் ஒரு சூழலில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதையே இது காட்டுகிறது. பெஞ்சமின் பிராங்கிளின் தம் தன்வரலாற்றில் விவரிக்கும் சிறு குறிப்பேட்டை இங்கே நினைவுகூரலாம். பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகக் கவனித்து, தவறிய நாள்களில் புள்ளியிட்டு வந்தார். அவருக்கு மிகுந்த தொல்லை தந்தது ஒழுங்கு என்னும் பண்பு. நாள்தோறும் பார்ப்பதற்கு ஒரு தாள் இருந்தது அவருக்கு உதவியது. ஆனால் அப்பட்டியலில் நீதி என்ற சொல்லும் இருந்தது. அதை எழுதியவர் தம் வாழ்வின் பெரும்பகுதியில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். 1787 இல்தான் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். பட்டியலில் ஒரு சொல் இருப்பதற்கும் அச்சொல் எதுவரை நீள்கிறது என்பதற்கும் இடையே இவ்வளவு தொலைவு இருக்கலாம்.

விமர்சனங்கள்

விழுமியத் தெளிவாக்கத்தின் மீது வைக்கப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு, அது எவ்வாறு தேர்வது என்பதை மட்டும் கூறி எதைத் தேர்வது என்பதைக் கூறாமல் விட்டது என்பதே. ஏழு அளவுகோல்களையும் நிறைவு செய்யும் கொடியவர் ஒருவரைக் கற்பனை செய்வது கடினமன்று. தேர்வில் நேர்மையாக இருப்பதா வேண்டாமா என்பதையும் நாங்களே முடிவு செய்யலாமா என்று ஒரு மாணவி வினவும் உரையாடல் 1966 ஆம் ஆண்டு நூலிலேயே இடம்பெற்றுள்ளது. விழுமியத்தை நீயே முடிவு செய்யலாம், ஆனால் இவ்வகுப்பில் நேர்மை கட்டாயம் என்பதாக ஆசிரியரின் விடை அமைகிறது. விமர்சகர்களுக்கு இது தப்பித்தலாகவே பட்டது. நேர்மை ஏன் கட்டாயம் என்பதற்கு அம்முறைக்குள் விடை இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கோல்பெர்க் இம்முறை ஒழுக்கச் சார்பியல்வாதத்தில் கொண்டு சேர்க்கும் என்று எச்சரித்தார். எல்லா விழுமியங்களையும் சமமாகப் பாவிக்கும் வகுப்பறை நடுநிலையானது அன்று, அதுவே ஒரு நிலைப்பாடு என்று மெய்யியலாளர் கிறிஸ்டினா ஹாப் சாமர்ஸ் வாதிட்டார். ஆலன் லாக்வுட் 1978 இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இம்முறை மாணவர்களின் விழுமியங்களை மாற்றியதற்குத் தக்க சான்று இல்லை என்று காட்டினார். குடும்ப விவகாரங்களை வகுப்பில் பேசச் செய்வது தனியுரிமை மீறல் என்று பெற்றோர் முறையிட்டனர். 1990களில் பண்புநலக் கல்வி மீண்டும் தலையெடுத்தபோது, கையேட்டை எழுதியவர்களுள் ஒருவரான கிர்ஷன்பாமே நன்னெறிகளைக் கற்பிப்பதையும் தெளிவாக்கத்தையும் இணைக்கும் விரிந்த மாதிரியை முன்வைத்தார்.

வேறொரு திசையிலிருந்து வரும் விமர்சனம் இன்னும் ஆழமானது. பிரெஞ்சு மெய்யியலாளர் சான் பால் சார்த்தர் 1945 இல் ஆற்றிய உரையில் தம் மாணவர் ஒருவரைப் பற்றிக் கூறினார். செருமானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலம் அது. மாணவரின் அண்ணன் 1940 இல் போரில் கொல்லப்பட்டிருந்தார். இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா, தம்மை மட்டுமே நம்பி வாழும் தாயுடன் இருப்பதா என்பது கேள்வி. உன் உள்ளத்தில் எது பெரிது என்று பார் என்பதே விழுமியத் தெளிவாக்கம் தரக்கூடிய அறிவுரை. ஆனால் தாயின் மீது கொண்ட அன்பு மற்றதைவிடப் பெரிது என்பதை, தாயோடு தங்கிவிட்ட பின்னரே அறிய முடியும் என்றார் சார்த்தர். அவர் பார்வையில் விழுமியம் ஏற்கெனவே உள்ளே புதைந்திருந்து கண்டெடுக்கப்படும் பொருள் அன்று. தேர்வு செய்யும் செயலில் உருவாவது. செயற்படலையும் ஏழனுள் சேர்த்திருந்த ராத்சுக்கு இது முழுதும் அயலான கருத்து அல்ல என்றாலும், வகுப்பறைப் பயிற்சிகள் பெரும்பாலும் தாளோடு நின்றுவிட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் விழுமியக் கல்வி பெரும்பாலும் நன்னெறிகளைக் கற்பிப்பதாகவே அமைந்துள்ளது. சமய, ஒழுக்கக் கல்வி பற்றி ஆராய 1959 இல் ஸ்ரீபிரகாசா குழு அமைக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் விழுமியக் கல்வியை வலியுறுத்தியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் மாணவர்களுக்கு அனைத்துலக மாந்த விழுமியங்கள் என்னும் பாடத்தைக் கொண்டுவந்தது. அது தன்னாய்வை வற்புறுத்துவதில் ராத்சின் முறையை ஒத்தது. ஆனால் ஆராய்ந்து பார்த்தால் எல்லோரும் ஒரே விழுமியங்களையே வந்தடைவர் என்று கொள்வதில் அதனின்றும் பெரிதும் வேறுபடுகிறது.

உளவளத்துணையிலும் மருத்துவத்திலும்

பள்ளியிலிருந்து வெளியேறிய முறை சிகிச்சை அறையில் புகுந்தது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் பிறரும் 2001 இல் உருவாக்கிய விழுமிய அட்டைத் தொகுதியில் 83 அட்டைகள் உள்ளன. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புபவர் அவற்றை முதன்மை வாரியாகப் பிரித்து அடுக்குவார். அவருடைய குடியும் மேலே உள்ள அட்டைகளும் எவ்வாறு பொருந்துகின்றன என்று துணையாளர் கேட்பார். ஸ்டீவன் ஹேய்சும் பிறரும் 1999 இல் நூலாக வெளியிட்ட ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சையிலும் விழுமியங்கள் நடுவிடம் பெறுகின்றன.

மருத்துவத்தில் இதன் தேவை மிகத் தெளிவானது. தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிக்கலாம். அல்லது மார்பகம் முழுவதையும் அகற்றலாம். ஏறத்தாழ 1,850 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இவ்விரு வழிகளிலும் உயிர் பிழைத்திருப்போர் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு அறுவை மருத்துவரிடம் விடை இல்லை. மார்பகத்தைக் காப்பது பெரிதா, அதே மார்பகத்தில் நோய் திரும்புமோ என்ற அச்சம் குறைவது பெரிதா, பல வாரங்கள் கதிர்வீச்சுக்காக நகரத்துக்குச் சென்றுவர இயலுமா என்பவற்றை நோயாளியே எடைபோட வேண்டும்.

கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களில் அனெட் ஓ'கானர் தலைமையில் உருவான முடிவெடுத்தல் வழிகாட்டி இதற்கு உதவுவது. ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளையும் எழுதி, ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பெரிது என்பதற்கு நோயாளி உடுக்குறிகள் இடுவார். இத்தகைய துணைக்கருவிகளைப் பற்றிய 105 ஆய்வுகளை 2017 இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து ஆராய்ந்தது. அவை நோயாளிகளின் அறிவைக் கூட்டுவதற்கு உறுதியான சான்று கிடைத்தது. தம் விழுமியத்துக்கு ஏற்ற வழியை அவர்கள் தேர்வதற்கு உதவுகின்றன என்பதற்கான சான்று அந்த அளவு உறுதியானதாக இல்லை. எது ஏற்ற வழி என்பதை அளப்பதற்கே ஒத்த முறை இல்லாததும் இதற்குக் காரணம்.

ஒட்டாவா வழிகாட்டியில் இன்னொரு பகுதியும் உண்டு. இம்முடிவில் வேறு யாருக்குப் பங்கு உள்ளது, அவர் எந்த வழியை விரும்புகிறார், அவர் நெருக்குதல் தருகிறாரா என்று அது தனித்தனியே கேட்கிறது. மருத்துவர் கணவரிடமோ மகனிடமோ மட்டும் பேசி அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடங்களில், நோயாளியின் கையில் தரப்பட வேண்டிய முதல் பக்கம் அதுவே.